சென்னை–லண்டன்: ஆளுக்கு 11 மணி நேரம், தோலுக்கு எத்தனை நாள்?

2024 பொங்கல் லீவில் ஆம்பூர் போயிருந்தேன். மேற்படிப்புக்கு லண்டன் போகும் கனவில் இருக்கும் அக்கா பையன் ஃபோனை நோண்டிக்கொண்டே கேட்டான்: "மாமா, சென்னைலேர்ந்து லண்டன் எவ்ளோ தூரம்?" நான் வாயைத் திறப்பதற்குள் திண்ணையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த பெரியப்பா நிமிர்ந்தார். "எதுக்குடா? ஆளுக்கா, சரக்குக்கா?"

பெரியப்பா ஊரில் ஒரு ஷூ கம்பெனியின் ஷிப்பிங் செக்‌ஷனில் 30 வருஷத்துக்கு மேல் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். அவர் கேட்ட கேள்வி அப்போது சிரிப்பாகத்தான் இருந்தது. பெங்களூர் திரும்பியபிறகும் அது விடவில்லை. சில மாசம் பழைய புத்தகங்களையும் ரிப்போர்ட்களையும் மேய்ந்தபிறகு, எங்கள் பகுதியின் தோல் தொழிலுக்கு முழு வரலாறுமே அந்த ஒரு கேள்விக்குள் இருக்கிறது என்று தோன்றிவிட்டது. அதைத்தான் இங்கே எழுதிவைக்கிறேன்.

முதலில் ஆளுக்கு. அது சுலபம். சென்னை, ஹீத்ரூ இரண்டு விமான நிலையங்களின் அட்சரேகை, தீர்க்கரேகையை எடுத்து ஹாவர்சைன் சூத்திரத்தில் போட்டால் சுமார் 8,230 கிலோமீட்டர் வருகிறது. நேரடி விமானம் லண்டன் போய்ச்சேர ஏறக்குறைய 11 மணி நேரம். திரும்பி வரும்போது கொஞ்சம் குறையும். மேலே மேற்கிலிருந்து கிழக்காக அடிக்கும் காற்று போகும்போது எதிரே நிற்கும், வரும்போது பின்னாலிருந்து தள்ளும்.

இங்கே ஒரு சின்ன கிளைக்கதை. சுவரில் மாட்டும் தட்டையான மேப்பில் சென்னையிலிருந்து லண்டனுக்கு ஸ்கேல் வைத்துக் கோடு போட்டால் அது அரபிக் கடல், வளைகுடா, சிரியா, துருக்கி என்று போகும். ஆனால் உருண்டையின் மேல் மிகக் குறுகிய பாதை அதற்கு வடக்கே வளைந்து போகிறது. கணக்குப் போட்டுப் பார்த்தேன். நாசிக் பக்கமாக ஏறி, பாகிஸ்தானின் சிந்து, பலுசிஸ்தான், கிழக்கு ஈரான் வழியாகப் போகிறது. சரிபாதித் தூரம் பாகு நகரத்துக்குத் தெற்கே காஸ்பியன் கடலில் வருகிறது. அதைத் தாண்டினால் காகசஸ், உக்ரைன், போலந்து. இப்போது இந்தப் பெயர்களை இன்னொரு முறை படித்துப் பாருங்கள். 2019 பிப்ரவரி 27-லிருந்து ஜூலை 16 வரை பாகிஸ்தான் வானத்தை மூடியது. 2022 பிப்ரவரியிலிருந்து உக்ரைன் வானத்தில் பயணிகள் விமானம் கிடையாது. 2025 ஜூனில் ஈரான் வானமும் சில நாள் மூடியது. ஆக 8,230 என்பது கால்குலேட்டரில் மட்டும் இருக்கிற ஒரு நம்பர். எந்த வருஷம் கிளம்புகிறோம் என்று சொல்லாமல் தூரத்தைச் சொல்ல முடியாது.

சரக்குக்கு வந்தால் இது இன்னும் மோசம். கப்பல் சூயஸ் வழியாகப் போனால் சென்னையிலிருந்து லண்டன் சுமார் 13,500 கிலோமீட்டர். ஆப்பிரிக்காவைச் சுற்றிப் போனால் 20,000 தாண்டிவிடும்.

சூயஸ் கால்வாய் இல்லாத காலத்திலிருந்து ஆரம்பிக்கலாம். பாய்மரக் கப்பல் மதராஸிலிருந்து நன்னம்பிக்கை முனையைச் சுற்றி லண்டன் போய்ச்சேர நான்கு முதல் ஆறு மாசம். கப்பல் ஏறுவதே ஒரு பெரிய பாடு. மதராஸில் அப்போது துறைமுகம் கிடையாது. கப்பல்கள் அலைக்கு அப்பால் ஆழத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். ஆணியே அடிக்காமல் பலகைகளைத் தேங்காய்நார்க் கயிற்றால் தைத்த மசூலா படகுகள்தான் ஆளையும் மூட்டையையும் அலையைத் தாண்டிக் கொண்டுபோய்ச் சேர்க்கும். இரும்புப் பாலம் 1861-ல்தான் வந்தது. துறைமுகத்துக்கு அலைதடுப்புச் சுவர் கட்டிக்கொண்டிருந்தபோதே 1881 புயல் அதைப் பிய்த்துப் போட்டது.

இப்படி நனைந்து, பிறகு ஆறு மாசம் கப்பலின் அடித்தட்டில் வெக்கையில் கிடந்து போகிற ஒரு பொருள் தோலாக இருந்தால் என்ன ஆகும்? பச்சைத்தோல் இரண்டாம் நாளே நாற ஆரம்பிக்கும். உப்புப் போட்டாலும் வெயிலில் காயவைத்தாலும் கொஞ்ச நாள் தாங்கும், ஆனால் ஈரம் பட்டால் போச்சு, பூச்சியும் விடாது. முழுசாகப் பதனிட்டு, சாயம் ஏற்றி, மெருகு போட்டு அனுப்பலாமே என்றால் அதுவும் வம்பு. ஆறு மாசம் கழித்து லண்டனில் எந்த நிறம் ஓடும், எந்தக் கனம் ஓடும் என்று இங்கே உட்கார்ந்துகொண்டு யாருக்குத் தெரியும்?

இதற்குக் கிடைத்த பதில்தான் 'ஈஸ்ட் இந்தியா கிப்ஸ்' என்று உலகம் முழுக்கப் பேர் வாங்கிய அரைப்பதத் தோல். கிப் என்றால் நம்மூர் சின்ன மாடுகளின் தோல். அரைப்பதம் என்றதும் ஏதோ பாதி வேலையில் விட்டுவிட்டது என்று நான் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். அப்படி இல்லை. அழுகுவதை நிறுத்துவதற்கு என்னவெல்லாம் வேண்டுமோ அத்தனையும் செய்து, எப்படித் தோற்றமளிக்க வேண்டும் என்ற முடிவை மட்டும் வாங்குபவனிடம் விட்டுவிடுவது. சுண்ணாம்புக் குழியில் ஊறவைத்து முடி நீக்கி, சதை வழித்து, ஆவாரம்பட்டை ஊறிய தண்ணீரில் வாரக்கணக்கில் போட்டு, பிறகு கடுக்காய்த் தண்ணீர் காட்டி, எண்ணெய் தடவிக் காயவைப்பார்கள். கடுக்காய்க்கு ஒரு காரணம் உண்டு. வெறும் ஆவாரம்பட்டையில் பதனிட்ட தோல் வெளிச்சம் பட்டால் சிவந்துபோகும். கடுக்காய் அதை மட்டுப்படுத்தும். இப்படிச் செய்த தோல் மாசக்கணக்கில் கெடாது, பச்சைத்தோலைவிட எடையும் குறைவு. லண்டனில் வாங்குகிறவன் அதைத் திரும்ப நனைத்து, தன் இஷ்டத்துக்கு மறுபதனிட்டு முடித்துக்கொள்ளலாம். எங்கள் தொழில் பாஷையில் சொன்னால், ஃபைலை ஜிப் பண்ணி அனுப்புவது மாதிரி.

சார்லஸ் டி சூசா என்ற யூரேசியர் 1840களில் இந்த முறையைச் செம்மைப்படுத்தினார் என்று தோல் தொழிலைப் பற்றி எழுதுகிறவர்கள் சொல்வது வழக்கம். ஒருவர் பெயரில் எழுதிவைக்க வரலாற்றாசிரியர்களுக்கு ஆசை. ஆனால் ஆவாரையும் தோலில் வேலை செய்யத் தெரிந்த கைகளும் அவருக்கு முன்பே இங்கே இருந்தன. பாலாற்றுத் தண்ணீர், காட்டில் தானாக வளரும் ஆவாரம்புதர், மாட்டுச்சந்தைகள், முதல் போட்டு நடத்த வியாபாரிகள், குழியில் இறங்கி வேலை பார்க்க, பெரும்பாலும் தலித் தொழிலாளர்கள். இத்தனையும் வேலூர், ராணிப்பேட்டை, ஆம்பூர், பேர்ணாம்பட்டு, வாணியம்பாடி வட்டாரத்தில் ஒன்றாகச் சேர்ந்திருந்தன.

அதற்கு மேல் ரயில் வந்தது. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856 ஜூலை 1-ல் ராயபுரத்திலிருந்து எங்கே போனது தெரியுமா? வாலாஜா ரோடு. எங்கள் பக்கத்துக்கு! அடுத்த சில வருஷங்களில் அந்தப் பாதை காட்பாடி, குடியாத்தம், ஆம்பூர், வாணியம்பாடி என்று கிட்டத்தட்ட பாலாற்றை ஒட்டியே மேற்கே நீண்டது. மாட்டுவண்டியில் நாள்கணக்கில் போன மூட்டை ஒரே நாளில் மதராஸ் சேர்ந்தது.

1869 நவம்பர் 17-ல் சூயஸ் திறந்தது. செங்கடலின் காற்று பாய்மரத்துக்குத் தோதுப்படாது என்பதால் பலன் முழுக்க நீராவிக் கப்பல்களுக்கு. ஆறு மாசம் ஒரு மாசம் சொச்சமாகச் சுருங்கியது. அடுத்த வருஷமே, 1870-ல், சூயஸிலிருந்து பம்பாய்க்குக் கடலடித் தந்திக் கம்பி வந்துவிட்டது.

இந்தத் தந்தியைப் பற்றிக் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். லண்டனில் பெர்மாண்ட்ஸி என்ற பகுதிதான் தோலுக்கு மையம். அங்கே 1833-லேயே தோல் சந்தைக் கட்டடம் எழும்பிவிட்டது. மதராஸ் தோல் லண்டனில் ஏலத்தில் போகும். ஒவ்வொரு டேனரிக்கும் ஒரு முத்திரை. அந்த முத்திரையைப் பார்த்துத்தான் விலை. வாணியம்பாடியில் சரக்குப் போட்டவர் லண்டனைக் கண்ணால் பார்த்திருக்க மாட்டார், அவர் முத்திரையை மட்டும் பெர்மாண்ட்ஸியில் தெரியும். சரக்கு கப்பலில் போய், ஏலமாகி, கணக்குத் தீர்ந்து பணம் திரும்பிவர மாசக்கணக்கில் ஆகும். அதுவரைக்கும் அடுத்த லாட் தோல் வாங்கக் காசு? மதராஸில் இருந்த ஏற்றுமதி ஏஜென்ஸிகள் முன்பணம் கொடுத்தன, வட்டியோடும் கமிஷனோடும். தூரம் என்பது டேனரிக்காரருக்கு வட்டியாகத்தான் தெரிந்திருக்கும். தந்தி வந்ததும் ஏல விலை அன்றைக்கே மதராஸுக்குத் தெரிந்துவிடும், ஏஜென்ஸிக்கு முதலில், டேனரிக்குப் பிறகு. சரக்கு ஒரு மாசத்தில் போக, செய்தி ஒரு நாளில் வர, நடுவில் இருந்தவர்கள் கை ஓங்கியது.

பயண நேரம் குறைந்தால் எல்லோருக்கும் லாபம் என்றுதான் முதலில் நினைத்தேன். தோலின் கதையில் அப்படி இல்லை. 1884-ல் அமெரிக்காவில் அகஸ்டஸ் ஷுல்ட்ஸ் குரோம் பதனிடுதலுக்குக் காப்புரிமை வாங்கினார். பட்டையில் வாரக்கணக்கில் நடந்த வேலை குரோமியம் உப்பில் மணிக்கணக்கிலும் நாள்கணக்கிலும் முடிந்தது. பிலடெல்பியா டேனரிகள் ஆட்டுத்தோலைக் குரோமில் போட்டு கண்ணாடி மாதிரி பளபளக்கும் 'கிளேஸ் கிட்' செய்தன. அவர்களுக்கு ஆவாரம்பட்டையில் ஊறிய தோல் தேவையில்லை, பச்சைத்தோல்தான் வேண்டும். வேகமான நீராவிக் கப்பல் இருந்ததால் உப்புப் போட்ட பச்சைத்தோலே கெடாமல் அட்லாண்டிக் தாண்டியது. மதராஸ் மாகாணத்தில் பதனிடும் தொழில் ஆடிப்போனது. ஆல்ஃபிரட் சாட்டர்டன் 1904-ல் எழுதிய மதராஸ் தோல் தொழில் பற்றிய மோனோகிராஃபில் இந்தக் கவலை தெரியும். நாமும் குரோம் கற்றுக்கொள்ள வேண்டும் என்று அரசு செலவில் சோதனை நடத்தியவர் அவர். சென்னையில் இருப்பவர்கள் தினமும் கடந்துபோகும் குரோம்பேட்டை என்ற பெயர் அந்தக் காலத்துக் குரோம் லெதர் தொழிற்சாலையிலிருந்து வந்ததுதான்.

ஆக, தூரம் பெரிதாக இருந்தவரைக்கும் பதனிடும் வேலை வேலூரில் நடந்தே ஆக வேண்டியிருந்தது. தூரம் சுருங்கியதும் அந்த வேலையே கப்பலேறப் பார்த்தது. பெரியப்பாவிடம் இதைச் சொன்னபோது, "கடல் நமக்கு வேலி மாதிரி இருந்திருக்கு" என்றார்.

காப்பாற்றியது ஒரு போர். முதல் உலகப்போரில் பிரிட்டிஷ் சிப்பாய்களின் பூட்ஸ் மேல்தோலுக்கு நம்மூர் கிப் சரியாகப் பொருந்தியது. 1916 வாக்கில் சரக்கு முழுவதையும் அரசே எடுத்துக்கொள்ளும் நிலை வந்தது. போர் முடிந்ததும் 1919-ல் பச்சைத்தோல் ஏற்றுமதிக்கு 15 சதவீத வரி போட்டார்கள், பிரிட்டிஷ் பேரரசுக்குள் பதனிட அனுப்பினால் அதில் பெரும்பகுதி தள்ளுபடி. சலுகை யாருக்கு என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

விமானத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ரொம்ப காலத்துக்குத் தோலுக்கு அதனால் எந்தப் பயனும் இல்லை. 1929 மார்ச் 30-ல் இம்பீரியல் ஏர்வேஸ் லண்டன்–கராச்சி தபால் விமானம் தொடங்கியது. ஏழு நாள் பயணம், அதிலும் நடுவில் பாசலிலிருந்து ஜெனோவா வரை ரயில்! 1932 அக்டோபர் 15-ல் ஜே.ஆர்.டி. டாடா கராச்சியிலிருந்து தபாலை பம்பாய்க்கு ஓட்டிவந்தார். அங்கிருந்து நெவில் வின்சென்ட் பெல்லாரி வழியாக மதராஸுக்கு. அன்றிலிருந்து லண்டன் கடிதம் ஒன்பது பத்து நாளில் மதராஸ் வந்துசேர வழி பிறந்தது. 1948 ஜூன் 8 இரவு ஏர் இந்தியாவின் 'மலபார் பிரின்சஸ்' பம்பாயிலிருந்து கெய்ரோ, ஜெனீவா வழியாக லண்டன் கிளம்பியது. ஜூன் 10 போய்ச் சேர்ந்தது. செய்தியும் ஆளும் பறந்தார்கள். தோல் மட்டும் கப்பலிலேயே போனது.

1967 ஜூன் போரில் சூயஸ் மூடியது, 1975 ஜூன் வரைக்கும் திறக்கவில்லை. எட்டு வருஷம் கப்பல்கள் மறுபடியும் ஆப்பிரிக்காவைச் சுற்றின. அரைப்பதத் தோலுக்குக் கப்பல் கூலியும் வட்டியும் ஏறியிருக்கும், சந்தேகமில்லை. ஆனால் சரக்கு கெடவில்லை. அது காத்திருக்கத் தெரிந்த பொருள். அதற்காகவே செய்யப்பட்டது.

வேடிக்கை என்னவென்றால், அந்த எட்டு வருஷத்துக்குள்தான் டெல்லியில் வேறொரு முடிவு எடுக்கப்பட்டது. சீதாராமையா கமிட்டி 1972-ல் கொடுத்த சிபாரிசின் பேரில் 1973-லிருந்து பச்சைத்தோல், அரைப்பதத் தோல் ஏற்றுமதிக்கு கோட்டா, கட்டுப்பாடு. முடித்த தோலாக, அதற்கும் மேலே ஷூவாக, பையாக அனுப்புங்கள், மதிப்பு இங்கேயே சேரட்டும் என்பது கொள்கை. நியாயமான கொள்கைதான். அதனால்தான் ஆம்பூர் இன்றைக்கு ஷூ ஊர். ஆயிரக்கணக்கான பெண்கள் காலையில் கம்பெனி பஸ் ஏறி ஷூ மேற்பகுதி தைக்கப் போகிறார்கள். அதே கொள்கையால், முன்பு ஐரோப்பாவில் ஓடிய சாயக்கழிவும் குரோம் கழிவும் பாலாற்றுக்கு வந்தன. 1996 ஆகஸ்ட் 28-ல் உச்ச நீதிமன்றம் வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடர்ந்த வழக்கில் கொடுத்த தீர்ப்பை இன்றைக்கும் சட்டக் கல்லூரிகளில் பாடமாகப் படிக்கிறார்கள். அது தனிக் கட்டுரை, இன்னொரு நாள் எழுதுகிறேன்.

இங்கே நான் சொல்லவந்தது வேறு. அரைப்பதத் தோல் காத்திருக்கும். ஷூ காத்திருக்காது. கெட்டுப்போவதால் அல்ல, சீசன் போய்விடுவதால். ஜெர்மனியில் வசந்தகாலச் செருப்பு வசந்தத்துக்கு முன்பே கடையில் இருக்க வேண்டும். குளிர்கால பூட் இங்கே நாம் வெயிலில் வேகும்போதே தைத்து முடிய வேண்டும். ஜிப் பண்ணிய ஃபைலை அனுப்பிக்கொண்டிருந்தவர்கள் லைவ் ஸ்ட்ரீமிங்குக்கு மாறினால் எப்படி இருக்கும்? நெட்வொர்க் அதேதான், அதன் தாமதம் இப்போதுதான் உறைக்கிறது.

தேதி தவறினால் என்ன என்பதைப் பெரியப்பா தன் சர்வீஸில் பார்த்ததை வைத்துச் சொன்னார். "ஏர் பண்ணு" என்று மெயில் வரும். கப்பலில் போகவேண்டிய சரக்கை விமானத்தில் அனுப்பு, செலவு உன்னுடையது என்று அர்த்தம். விமானக் கூலிக்கு எடை மட்டும் கணக்கில்லை, அடைக்கும் இடமும் கணக்கு. நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 6,000-ஆல் வகுத்தால் வருவது 'வால்யூம் வெயிட்'. நிஜ எடை, இது, இரண்டில் எது அதிகமோ அதற்குக் கூலி. 30 × 18 × 11 அளவில் ஒரு லைட்டான லேடீஸ் ஷூ டப்பாவை எடுத்துக்கொண்டால் 5,940 கன சென்டிமீட்டர், அதாவது ஒரு கிலோ. உள்ளே இருப்பது முக்கால் கிலோதான். மீதி கால் கிலோ காற்று, அதற்கும் லண்டன் வரைக்கும் டிக்கெட். தட்டையாக அடுக்கிக் கட்டி அனுப்பிய தோல் மூட்டைக்கு இந்தக் கஷ்டம் இருந்ததே இல்லை. ஒரு ஜோடியில் நிற்கும் லாபத்தை இந்தக் கூலி விழுங்கிவிடும், சில சமயம் அதற்கு மேலேயும். அவர் வேலை பார்த்த இடத்தில் ஒரு சீசனில் இரண்டு ஆர்டர் ஏர் ஆனதில் அந்த வருஷ போனஸ் கைக்கு வரவே இழுத்தடித்தது. வெளிநாட்டுக் கடைக்காரன் கேலண்டர் ஆம்பூர்க்காரிகளின் தீபாவளிப் புடவை வரைக்கும் வரும் என்று அன்றைக்குத்தான் புரிந்தது என்றார். தேதியைப் பிடிக்க வேண்டுமென்றால் வேறு வழி ஓவர்டைம்தான். கப்பலின் வேகத்தை யாரும் கூட்ட முடியாது, தையல் மிஷினின் வேகத்தைத்தான் கூட்டச் சொல்வார்கள்.

2021 மார்ச்சில் 'எவர் கிவன்' கப்பல் சூயஸில் குறுக்கே மாட்டிக்கொண்டு ஆறு நாள் அடைத்தது. எல்லோரும் மீம் போட்டுச் சிரித்தோம். 2023 நவம்பரிலிருந்து செங்கடலில் ஹூதிகள் கப்பல்களைத் தாக்க ஆரம்பித்தார்கள். டிசம்பரில் பெரிய கன்டெய்னர் கம்பெனிகள் ஒவ்வொன்றாக சூயஸை விட்டுவிட்டு ஆப்பிரிக்காவைச் சுற்ற முடிவெடுத்தன. ஐரோப்பாவுக்கு 10 முதல் 14 நாள் கூடுதல். டிசம்பர், ஜனவரி என்றால் வசந்தகாலச் சரக்கு போகிற நேரம். சரக்கு கப்பலேறியதோடு கம்பெனியின் பொறுப்பு முடிந்தது என்று ஒப்பந்தத்தில் இருக்கலாம். ஆனால் வாங்குகிறவர் அடுத்த ஆர்டருக்குக் கேட்கும் தேதி இரண்டு வாரம் முன்னால் நகர்ந்துவிடும். சரக்கு போய்ச் சேர்ந்து இத்தனை நாளில் பணம் என்று இருந்தால் பணமும் இரண்டு வாரம் தள்ளிப்போகும், பேங்க் வட்டி மட்டும் தள்ளிப்போகாது. பழைய மதராஸ் ஏஜென்ஸிக்குக் கொடுத்த அதே வட்டி, இப்போது 'பேக்கிங் கிரெடிட்' என்ற பேரில்.

அந்தப் பொங்கல் அன்றைக்கு, பையனின் கேள்விக்கு நான் ஹாவர்சைனை விளக்கிக்கொண்டிருந்தபோது, பெரியப்பா தன் ஃபோனில் கப்பல்கள் எங்கே இருக்கின்றன என்று காட்டும் ஆப்பைத் திறந்து எங்கள் முன்னால் நீட்டினார். ரிட்டயர் ஆகியும் விடவில்லை. செக்‌ஷனில் அவருக்குக் கீழே இருந்த பையன்கள் கப்பல் பெயரை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுவார்களாம். டிசம்பர் 18 ஆம்பூரில் லாரி ஏறி, சென்னையிலிருந்து கொழும்பு போய், அங்கே பெரிய கப்பலுக்கு மாறிய பெட்டி. ஹாம்பர்க் போக வேண்டும். ஆப்பிரிக்காவின் அடிமுனையை ஒட்டி ஒரு சின்ன அம்புக்குறி.

"தாத்தா, இது தப்பா எங்கயோ போவுது" என்றான் பையன்.

"கரெக்டாத்தான் போவுது" என்றார் பெரியப்பா. "ஒங்க தாத்தாவோட தாத்தா காலத்து ரூட்டு."

பெட்டி இறங்கிவிட்டது என்று பிப்ரவரி 5-ம் தேதி அவரிடமிருந்து மெசேஜ் வந்தது. 49 நாள்.